ஸ்டாம்பில் படாத கையெழுத்து

வோலோதேரா, ஃப்ளோரஸ் தீவு
3 பிப்ரவரி 2016

அன்புள்ள கனிஸ் அண்ணனுக்கு,

உன் தங்கை ஒடிலியா எழுதுவது. அம்மா, தாமியான் அண்ணன், நான், மூன்று பேரும் இங்கே சுகம். சபாவில் செம்பனை மரங்களுக்கு நடுவே நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

உன் தோட்டத்திலிருந்து லீவுக்கு வந்த ஃபிடெலிஸ் நாளை கப்பல் ஏறுகிறான். பையில் இடமில்லை என்றான். "கருவாட்டுக்கு இடம் இருக்கு, என் கடுதாசிக்கு இல்லையா?" என்று சண்டை போட்டுத் திணித்திருக்கிறேன். போனில் பேசலாமென்றால் சிக்னலுக்கு நான் மலை ஏற வேண்டும். ஏறினாலும் உன் தோட்டத்தில் மணி அடிப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கோயில் இளைஞர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். தலைவன் எமில், முக்கு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். சுகாதார நிலைய நர்ஸ் ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார். மனசு சரியில்லாதவர்கள் வீட்டுக்குப் போவோம், மாத்திரை கொண்டு கொடுப்போம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவோம். இந்த நோய்க்கு டாக்டரைப் பார்க்க ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. அதுவரைக்கும் நாங்கள்தான் டாக்டர் என்று எமில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறான்.

அவன்தான் கேட்டான், "ஊரெல்லாம் போறியே ஒடில், உன் வீட்டுக்குப் பின்னாடி குடிசையில ஒருத்தர் இருக்காரே, அவரை எப்போ பார்க்கப் போறே?" எனக்கு முகம் செத்துவிட்டது. ஐந்து வருஷமாகச் சோற்றுத் தட்டை வாசலில் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுகிறேன் அண்ணா. நேற்றுதான் உள்ளே போய் உட்கார்ந்தேன். தாமியான் அண்ணன் கால் இன்னும் நீ துளை போட்டுச் செதுக்கிய அதே பலாக் கட்டைக்குள் பூட்டித்தான் இருக்கிறது. என்னைப் பார்த்து, "ஒடில், வளர்ந்துட்டியே" என்றான். அதற்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
ஒடிலியா


சபா
20 மார்ச் 2016

பிரியமுள்ள தங்கைக்கு,

கனிஸ் எழுதுவது. நீயும் அம்மாவும் சுகமென்று ஃபிடெலிஸ் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கும் ஒரு குறையுமில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி? தென்பக்கத் தகரம் ஒழுகுகிறதா? இந்த வருஷம் சோளம் எத்தனை மூட்டை வரும்? நம் கறுப்பிப் பன்றி குட்டி போட்டதா? போன தடவை மாதிரி குட்டிகளை நசுக்கிவிடப் போகிறது, மூங்கில் தடுப்புக் கட்டு.

இங்கே நல்ல மழை. சேற்றில் குலையைச் சுமந்து தோள் கன்றிப்போய்விட்டது. அம்மாவுக்கு ஒரு கைலியும் உனக்கு பிஸ்கட் டின்னும் அனுப்பியிருக்கிறேன்.

குழு கிழு என்று ஊர் சுற்றாதே. கோயிலுக்குப் போனோமா வந்தோமா என்று இரு.

உன் அண்ணன்,
கனிஸ்


வோலோதேரா
17 ஏப்ரல் 2016

அன்புள்ள கனிஸ் அண்ணனுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். மறுபடியும் சொல்கிறேன், மூன்று பேர். எண்ணிப் பார்த்துக்கொள்.

பன்றியைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாய். தகரத்தைக் கேட்டிருக்கிறாய். கூடப் பிறந்த தம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை. கறுப்பி ஆறு குட்டி போட்டது, ஆறும் உயிரோடு இருக்கின்றன. போதுமா?

லூகாஸ் மாமாவின் சோளக் களஞ்சியம் எரிந்தபோது எனக்குப் பதினாலு வயது. தாமியான் அண்ணன் கையில் வாளியோடு நெருப்புக்குப் பக்கத்தில் நின்றான். ஊரே வந்து அவனைப் பிடித்தது. வாளியில் மண்ணெண்ணெய் என்றார்கள். அதற்கு முன்பே அவனுக்குக் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்ததால் யாரும் மேலே விசாரிக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், கட்டையில் பூட்டச் சொன்னார்கள், நீ செய்தாய். அடுத்த மாதமே கப்பல் ஏறினாய். இன்னமும் அவன், "வாளியில தண்ணிதான் இருந்துச்சு" என்கிறான். "அது வியாதிப் பேச்சு, காதுல வாங்காதே" என்கிறார் அம்மா.

போன வாரம் எமிலைக் கூட்டிப்போனேன். அவன் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பந்தாட்டம் பேச ஆரம்பித்தான்.

"உலகக் கோப்பை யாரு ஜெயிச்சா தெரியுமா?"

"ஸ்பெயின்," என்றான் தாமியான் அண்ணன், பட்டென்று.

"அது பழசு. போன தடவை ஜெர்மனி."

"போய்யா. புளுகாதே."

"என் பஞ்சர் கடை மேல சத்தியம்!"

அண்ணன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்துவிட்டான். ஒரு உலகக் கோப்பை முழுசாகத் தனக்குத் தெரியாமலேயே முடிந்துவிட்டதாம். எமில் கூடவே படுத்திருந்தான்.

நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். இனி மாதம் ஒன்று, தினமும் மாத்திரை. இந்தத் தடவை தம்பியைப் பற்றியும் கேட்டு எழுது.

ஒடிலியா


சபா
2 ஜூன் 2016

பிரியமுள்ள தங்கைக்கு,

சுகம். அம்மாவின் சுகம் அறிய ஆவல்.

ஊசி போடுவது நல்லதுதான், போடட்டும். மற்றபடி கட்டையைப் பற்றி இனிமேல் எனக்கு எழுதாதே. அது ஊர்க்கூட்டத்தில் முடிந்த விஷயம். லூகாஸ் மாமா முகத்தில் நீயும் அம்மாவும் தினம் விழிக்க வேண்டும்.

வேலை அதிகம். அதனால் இவ்வளவுதான்.

கனிஸ்


வோலோதேரா
24 ஜூலை 2016

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் பார்த்தால் நீ சுகமாக இருப்பதாகத் தோன்றவில்லை. இருந்தாலும் எழுதாதே என்று நீ சொன்னதைத்தான் எழுதப்போகிறேன், கோபப்பட்டால் படு.

தாமியான் அண்ணனுக்கு இப்போது குரல்கள் தூரத்தில்தான் கேட்கின்றனவாம். குளிக்கிறான், சவரம் செய்துகொள்கிறான். நடுவில் ஒரு மாதம் ஊசி மருந்து வரவில்லை. எமில் பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப்போய்ப் பக்கத்து வட்டாரத்தில் கெஞ்சி வாங்கி வந்தான். அதனால் தப்பித்தோம்.

ஆனால் கால்? குச்சியாக இருக்கிறது. "இந்த வருஷத்துக்குள்ள எடுக்கலைன்னா முட்டி இப்படியே இறுகிப்போகும், அப்புறம் ஆயுசுக்கும் நடக்க மாட்டார்" என்று நர்ஸ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ரம்பம் இருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் ஊர்த் தலைவர் அலமாரியைத் திறந்து அந்தப் பழைய பத்திரத்தை எடுத்து நீட்டுகிறார். உன் அனுமதி இல்லாமல் தம்பியை அவிழ்ப்பதில்லை என்று ஸ்டாம்ப் ஒட்டி நீ கையெழுத்துப் போட்டது. "பொறுப்பாளி அவன்தான். அவன் புதுசா எழுதிக் குடுத்தா நாளைக்கே அவிழ்க்கலாம். லூகாஸும் ஒத்துக்கிட்டான். ஆனா ஸ்டாம்ப் ஒட்டி, அது மேல படுற மாதிரி கையெழுத்து வேணும்," என்கிறார். நம் ஊரில் கோழி காணாமல் போனாலும் ஸ்டாம்ப் பத்திரம்தான், உனக்குத் தெரியாததா?

அவரே வாசகத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். "லூகாஸின் களஞ்சியத்தைக் கொளுத்திய என் தம்பி தாமியானுக்கு இனி நானே பொறுப்பு." அங்கே நம் நாட்டு ஸ்டாம்ப் கிடைக்காதென்று அதையும் நானே வாங்கி, கீழே ஒட்டி அனுப்புகிறேன். நீ செய்ய வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. அண்ணா, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஒடிலியா


சபா
11 செப்டம்பர் 2016

பிரியமுள்ள தங்கைக்கு,

அண்ணன் ஜோராக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கேட்டபடி கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. சந்தோஷம்தானே? நேற்று இங்கே தோட்டத்துப் பையன்கள் பந்தாடினார்கள், ஃபிடெலிஸ் கோல் போடப்போய்ச் சாக்கடையில் விழுந்தான். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது. என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

கறுப்பியின் குட்டிகளில் நல்லதாக ஒன்றை நீயே வைத்துக்கொள். என் சட்டை துணிமணிகளையும் யாருக்காவது கொடுத்துவிடு. சும்மா பெட்டியில் கிடந்து பூச்சிதான் அரிக்கிறது.

கனிஸ்


வோலோதேரா
9 அக்டோபர் 2016

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சுகம், தாமியான் அண்ணன் சுகம். எனக்குத்தான் இரத்தம் கொதிக்கிறது.

ஸ்டாம்ப் ஒரு பக்கம், உன் கையெழுத்து இன்னொரு பக்கம்! நடுவே ஒரு எருமை மாடு படுக்கலாம். ஊர்த் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, ஸ்டாம்ப்ல ஒரு கோடுகூடப் படலையே! செல்லாது." வாழ்நாளில் எத்தனை பத்திரம் போட்டவன் நீ, இதுகூடவா தெரியாது? வாசலிலேயே உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அதோடு வீட்டுக்கு வந்தால் ஃபிடெலிஸின் மனைவி காத்திருந்தாள். அவன் அவளுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினாள். நீ சாப்பிடுவதே இல்லையாம். யாரோடும் பேசுவதில்லையாம். பந்தாட்டத்துக்கே போகவில்லையாம். எனக்குத் திட்டெல்லாம் மறந்துபோய்விட்டது. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சட்டையைக் கொடு, பன்றிக்குட்டியை நீயே வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய்.

பயிற்சியில் நர்ஸ் எங்களுக்கு ஒரு கேள்வியைச் சொல்லித் தந்தார். சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும், கேட்டால் புத்தியில் ஏறிவிடுமோ என்று பயப்படக் கூடாது என்றார். அன்னியர் வீடுகளில் கேட்டிருக்கிறேன். சொந்த அண்ணனிடம் இப்போதுதான் கேட்கிறேன். செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா அண்ணா?

ஆமாம் என்றாலும் எழுது. நான் திட்ட மாட்டேன். ஃபிடெலிஸுக்குத் தனியாகச் சீட்டு எழுதியிருக்கிறேன், உன்னைத் தனியே விடக் கூடாதென்று. அவன் தொந்தரவு செய்வான், பொறுத்துக்கொள்.

புதுப் பத்திரமும் புது ஸ்டாம்பும் உள்ளே இருக்கின்றன. அதற்கு இப்போது அவசரமில்லை. முதலில் என் கேள்விக்குப் பதில்.

ஒடில்


வோலோதேரா
13 நவம்பர் 2016

அண்ணா,

ஐந்து வாரம் ஆயிற்று. கப்பல் வரும் நாளெல்லாம் எமில் மௌமேரே துறைமுகத்துக்குப் போய் இறங்குகிறவர்களை விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வருகிறான். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தாமியான் அண்ணன் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். "கனிஸ் அண்ணனுக்கு என்ன?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். "எழுதச் சொல்லு," என்றான்.

ஒரு வரி போதும்.

ஒடில்


சபா
27 நவம்பர் 2016

ஒடில்,

உயிரோடு இருக்கிறேன். அம்மாவும் தாமியானும் நீயும், மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில், ஆமாம். இரண்டு தடவை. உன் சீட்டைப் படித்த நாளிலிருந்து ஃபிடெலிஸ் என்னை ஒட்டிக்கொண்டே திரிகிறான். கக்கூசுக்குப் போனாலும் வெளியே நின்று, "என்ன அண்ணே, ஆச்சா?" என்று கத்துகிறான். தோட்டமே சிரிக்கிறது. அவனிடம்தான் முதலில் சொன்னேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

களஞ்சியத்தைத் தாமியான் கொளுத்தவில்லை. நான்தான்.

அன்று மத்தியானம் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு புட்டி பனஞ்சாராயத்தை எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குள்ளே போனேன். குடித்தேன். பற்றவைத்த சிகரெட்டோடு தூங்கிவிட்டேன். சூடு பட்டு விழித்தபோது சோளத்தட்டு எரிகிறது. பின்பக்கமாகக் குதித்து ஓடினேன். எதிரே தாமியான் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தான். என்னைத் தாண்டித்தான் ஓடினான். திரும்பிப் பார்த்தேன், ஊர் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பயம். கோபம் ஆறட்டும், ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் கட்டை செதுக்கச் சொல்லிவிட்டார்கள். செதுக்கினேன். என் தம்பி காலை என் கையாலேயே உள்ளே வைத்தேன் ஒடில். அவன், "அண்ணா, நீ சொல்லேன்" என்றான். நான் சொல்லவில்லை.

பத்திரத்தில் "களஞ்சியத்தைக் கொளுத்திய என் தம்பி" என்று இருந்தது. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடப்போனேன், பேனா ஸ்டாம்ப் பக்கம் போகவே மாட்டேன் என்றது. எங்கேயோ தள்ளிக் கிறுக்கி அனுப்பிவிட்டேன்.

புதுப் பத்திரத்தின் வாசகத்தை அடித்துவிட்டு, கொளுத்தியவன் நான் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கையெழுத்து ஸ்டாம்பின் நடுவிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தையும் ஊர்க்கூட்டத்தில் படி. ஊர் என்ன செய்தாலும் ஈஸ்டருக்கு வந்து நிற்பேன்.

நேற்று ராத்திரி இதை எழுதி முடித்துவிட்டுப் படுத்தேன், விழித்துப் பார்த்தால் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அப்படித் தூங்கி ஐந்து வருஷம் ஆகிறது.

கனிஸ்


வோலோதேரா
8 ஜனவரி 2017

அன்புள்ள கனிஸ் அண்ணனுக்கு,

அவிழ்த்தாயிற்று! இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போடத் தோன்றியது. நிஜமாகச் சொல்கிறேன். அன்று முழுக்க உன் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உயிரோடு இருக்கிறேன் என்ற அந்த முதல் வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால் உன்னை நேரில் பார்க்கும்வரை காப்பாற்றுகிறேன்.

தாமியான் அண்ணனிடம் தனியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே பாதிவரைதான் என்னால் படிக்க முடிந்தது. மீதியை எமில் படித்தான். அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் தண்ணி தண்ணின்னு சொன்னானே, நான்தானே வாயை மூடுன்னு சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். லூகாஸ் மாமா எழுந்து போய்விட்டார். மூன்று நாள் எங்கள் பக்கமே திரும்பவில்லை. போச்சு, எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் காலையில் ரம்பத்தோடு வந்து நின்றார்.

எமில், "மாமா, மோட்டார் ரம்பம் கொண்டாரேன், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றான்.

"தள்ளு. கட்டச் சொன்னது நான். நான்தான் அறுப்பேன்."

இழுத்து இழுத்து அறுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் உனக்கு ஒரு வசவு. அண்ணனிடம் மட்டும், "வலிக்குதாய்யா? கொஞ்சம் பொறுத்துக்கய்யா" என்று நைந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டை பிளந்ததும் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "உங்க பெரியண்ணன் வரட்டும். ரெண்டு பன்னி, களஞ்சியம் கட்டித் தரணும், செவிட்டுல ஒண்ணு. இதுல எதையும் குறைச்சுக்க மாட்டேன்" என்றார். ஊர்த் தலைவர் மெதுவாக, "இதுக்கும் ஒரு ஸ்டாம்ப் பத்திரம்..." என்று ஆரம்பித்தார். மாமா பார்த்த பார்வையில் அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

முட்டி இன்னும் முழுசாக இறுகவில்லை என்று நர்ஸ் சொன்னபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எமில் முற்றத்தில் இரண்டு வரிசை மூங்கில் கட்டியிருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு நேற்று ஏழு அடி. குழுவில் பதினொரு பேரும் சுற்றி நின்று கத்தினதில் கறுப்பி தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டது.

மாத்திரையும் ஊசியும் நிற்கக் கூடாது. நின்றால் மறுபடி வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது எங்கள் வேலை. உன் வேலை ஃபிடெலிஸை விட்டுப் பிரியாமல் இருப்பது. உங்கள் தோட்டத்தில் கிளினிக் இருக்கிறதென்று ஃபிடெலிஸ் மனைவிக்கு எழுதியிருக்கிறான், அங்கேயும் போ. போனேன் என்று அவனே எனக்கு எழுத வேண்டும், உன் வார்த்தையை நம்ப மாட்டேன்.

அடுத்த தாளில் தாமியான் அண்ணன் உனக்கு எழுதுகிறான். கை இன்னும் நடுங்குவதால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாதென்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

உன் தங்கை,
ஒடிலியா


அண்ணா,

தாமியான் பேசுறேன். நல்லா இருக்கேன். நீ நல்லா இரு.

நீ ஓடுனதை நான் பார்த்தேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் நம்பல. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. காதுல கேட்டதெல்லாம் பொய்யின்னா, கண்ணுல பார்த்ததும் பொய்யா இருக்குமோன்னு. நான்தான் கொளுத்திட்டு மறந்துட்டேனோன்னு நினைச்சு நினைச்சு அழுதிருக்கேன். ஒடில் உன் கடுதாசியைப் படிச்சப்போ அப்பாடான்னு இருந்துச்சு. நான் பார்த்தது நிஜம். என் மண்டைக்குள்ள அது ஒண்ணாவது சரியாத்தான் இருந்திருக்கு.

கோபம் இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ செத்துப்போயிட்டா நான் யார்கிட்ட கோபப்படுறது? அதனால ஒழுங்கா சாப்பிடு. கப்பல்ல ஏறு.

எமில் வண்டியில துறைமுகத்துக்கு வர்றேன். இறங்கினதும் நம்ம ஆளுங்க கூட்டத்துல தேடு. நான் ரொம்ப இளைச்சுப்போயிட்டேன், உனக்கு அடையாளம் தெரியாது. உட்கார்ந்திருக்குறவங்களைப் பார்க்காதே. மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நிப்பான். அவன்தான் நான்.

தாமியான்